எச்1 நோட்டு

மீனாட்சிபுரம் தாண்டி கேரளா பக்கம் ஒரு மெடிக்கல்ல நான் ஃபார்மசிஸ்டா இருந்தப்ப எச்1 மருந்துக்குன்னு (டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாத, கணக்கு எழுதி வைக்க வேண்டிய மருந்துங்க) தனியா ஒரு நோட்டு இருக்கும். டாக்டர் பேரு, நோயாளி பேரு, எத்தனை மாத்திரை, எல்லாம் எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். எனக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான்.

போன மாசம் 'டீமன் காப்பர்ஹெட்' படிச்சேன், பார்பரா கிங்சால்வர் எழுதுனது, 2023ல புலிட்சர் வாங்குன நாவல். வர்ஜீனியாவோட மேற்கு மூலைல லீ கவுண்டி, நிலக்கரியும் புகையிலையும் நம்பிக் கெடந்த ஊரு. அப்பன் செத்தப்புறம் பொறந்த பையன், அம்மாவும் போயி, யார் யார் வீட்டுலயோ வளர்றான். ஃபுட்பால்ல முழங்கால் போகுது, டாக்டரே வலி மாத்திரை குடுக்கறாரு. அங்க புக்கை மூடி வச்சுட்டேன். திருட்டுச் சரக்கு இல்லீங்க, சீட்டு எழுதி, கடைல எண்ணிக் குடுத்தது. ஆக்ஸிகான்டின்ங்கற அந்த வலி மாத்திரை அமெரிக்காவுல 1996ல வந்துச்சு, அவ்வளவா அடிமையாக்காதுன்னு சொல்லி வித்ததுக்கு 2007ல கம்பெனிக்காரங்க கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கிட்டாங்க. அதே 1996லதான் கேரளாவுல சாராயத்தை நிறுத்துனாங்க, இங்க பெருசுங்க இன்னும் அதைப் பத்திப் பேசுவாங்க. மாத்திரையைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க.

அப்பதான் எங்க கடைக்கு வந்துட்டிருந்த ஒரு பையன் ஞாபகம் வந்தான். பத்தாவது படிச்சான். அவங்கப்பா பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் தோப்புல கள்ளு இறக்கறவரு (அந்தக் கள்ளு எங்கெங்கயோ ஜில்லா விட்டு ஜில்லா போகும், இறக்கறவன் வீட்டுல ஓடு மாத்தக் காசிருக்காது), மரத்துல இருந்து விழுந்து இடுப்பு போயி டிரமடால்ங்கற வலி மாத்திரை எழுதியிருந்தாங்க. இவன்தான் வருவான், "அண்ணா, அப்பாவுக்குப் பத்து"ன்னு.

2018ல டிரமடாலை போதை மருந்து சட்டத்துக்குள்ள கொண்டு வந்ததும் ஓனர் பழைய சீட்டுக்குக் குடுக்கக் கூடாதுன்னுட்டாரு. அவன் அதே சீட்டை, மடிப்புல கிழிஞ்சு செல்லோடேப் ஒட்டி, எடுத்துட்டு வந்து நின்னான். நாலு பேரு முன்னாடி கத்தி விட்டேன். மூக்கு ஒழுகுது, வேர்க்குது, கை நடுங்குது, மார்கழி மாசம். மாத்திரைக்குப் பழகுன உடம்பு அது கெடைக்காம படற பாடுன்னு டி.ஃபார்ம்லயே படிச்சிருக்கேன், ஆனா பயந்துட்டான் போலன்னு நானே சொல்லிக்கிட்டேன். அதுக்கப்புறம் அவன் வரல, நானும் விசாரிக்கல.

அந்த நோட்டு இந்நேரம் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். பத்து, பத்து, பத்துன்னு என் கையெழுத்துல அவங்கப்பா பேருதான் வரிசையா இருக்கும். வாங்கிட்டுப் போனவன் பேரு எழுத அதுல கட்டமே கெடையாது.