ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வந்துட்டு போங்கன்னு போன் வந்தா

"ஸ்டேஷன்ல இருந்து பேசுறோம், நாளைக்கு காலையில ஒரு எட்டு வந்துட்டு போங்க." இந்த ஒரு வரி போன்ல வந்தா போதும், ஆபீஸ்ல நாலு பேரை அதட்டி வேலை வாங்குறவங்க கூட வேர்த்துப் போய் தெரிஞ்ச கவுன்சிலர் யாரு, தெரிஞ்ச வக்கீல் யாருன்னு தேட ஆரம்பிச்சிடுறாங்க. எதுக்கு கூப்பிட்டாங்கன்னு கேட்டீங்களான்னு கேட்டா, அது கேக்கலையேம்பாங்க. யாரு பேசினதுன்னு கேட்டா அதுவும் தெரியாது.

நான் வக்கீல் கிடையாது, கிரிமினல் கேஸ் பாக்குற ஒரு சீனியர்கிட்ட குமாஸ்தாவா இருக்கேன், பெயில் பெட்டிஷன் டைப் அடிக்கிறது, கோர்ட்ல காப்பி அப்ளிகேஷன் போடுறது, இதான் என் பொழப்பு. இதுல நான் பாத்த வரைக்கும் ஒண்ணு சொல்றேன், போலீஸ்கிட்ட நமக்கு இருக்குற உரிமையில முக்கால்வாசி பேப்பர்ல இருக்கு, ஆனா ஸ்டேஷன்ல நடக்குறதுல முக்கால்வாசி வாய்வார்த்தையிலயே நடக்குது. அவங்க வாயால சொல்றதை எழுத்துல வாங்கிட்டீங்கன்னா பாதி பிரச்சனை அங்கயே அடங்கிடும்.

போன்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். 2024 ஜூலை 1ல இருந்து போலீஸும் கோர்ட்டும் கிரிமினல் கேஸை எப்படி நடத்தணும்னு சொல்ற பழைய சட்டமான சி.ஆர்.பி.சி. போயி பி.என்.எஸ்.எஸ்.னு புதுசு வந்தாச்சு, செக்ஷன் நம்பரெல்லாம் மாறிடுச்சு, எங்க சீனியரே இன்னும் பழைய நம்பரை சொல்லிட்டு அப்புறம் புதுசை சொல்றாரு. உங்க மேல சந்தேகம் இருந்து ஆனா அரெஸ்ட் பண்ண தேவையில்லன்னா 35(3) நோட்டீஸ் தரணும், அதான் பழைய 41ஏ. சாட்சியா விசாரிக்கணும்னா 179ல எழுத்து மூலமா கூப்பிடணும், அதான் பழைய 160. இதுல 35 நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்பினா செல்லாதுன்னு 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அதனால போன் வந்தா பதறாம, "சார் உங்க பேரு, எந்த ஸ்டேஷன், எந்த கேஸ் இல்ல எந்த மனு சார், ஒரு சம்மன் குடுத்துடுங்க, கண்டிப்பா வந்துடுறேன்"னு சொல்லலாம். வரமாட்டேன்னு சொல்லக்கூடாது, அது வேற. முறைப்படி நோட்டீஸ் வந்தப்புறம் போகாம இருந்தா அதையே காரணமா காட்டி அரெஸ்ட் பண்ணலாம், சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. நோட்டீஸ் வந்துச்சுன்னா போங்க, போனதுக்கு அத்தாட்சியும் வெச்சிக்கோங்க.

அப்புறம் இந்த 179ல ஒரு விஷயம் இருக்கு, நிறைய பேருக்கு தெரியறதில்ல. சாட்சியா விசாரிக்கணும்னா பெண்களையும், 15 வயசுக்கு கீழ உள்ள பசங்களையும், 60 வயசு தாண்டின ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், ரொம்ப முடியாம இருக்கறவங்களையும் ஸ்டேஷனுக்கு கூப்பிடவே கூடாது, அவங்க இருக்குற இடத்துக்கு போய்தான் விசாரிக்கணும். அவங்களா விருப்பப்பட்டு வந்தா வரலாம், அவ்வளவுதான். பழைய சட்டத்துல ஆண்களுக்கு 65ன்னு இருந்துச்சு, இப்ப 60.

எங்க மாமாவுக்கு அப்படி ஒரு போன் வந்துச்சு, பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு சுவர் விஷயமா மனு குடுத்திருந்தாரு. மாமாவுக்கு அறுபது தாண்டியாச்சு, வீட்டுக்கு வந்து விசாரிக்க சொல்லலாம் மாமான்னேன், "வீட்டு வாசல்ல போலீஸ் வண்டி நின்னா தெருவே பாக்கும் மாப்ள, நாமளே போயிட்டு வந்துடலாம்"னுட்டாரு. போனோம். ரொம்ப நேரம் பெஞ்சுல உக்கார வெச்சிட்டு ரைட்டர் டேபிள்ல இருந்த ஏட்டு ஒரு வெள்ளை பேப்பரை நீட்டினாரு, விசாரணைக்கு வந்ததுக்கு சும்மா ஒரு கையெழுத்து போடுங்க பெரியவரேன்னு. மாமா கண்ணாடிய வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டாரு, பேனாவை எடுத்துட்டாரு, நான் வாங்கி சத்தமா படிச்சேன். பேப்பர்ல மேல் பாதிதான் எழுத்து, "எதிர்மனுதாரராகிய நான் மேற்படி சுவரை பதினைந்து தினங்களில் என் சொந்த செலவில் அப்புறப்படுத்திக் கொள்கிறேன்"னு இருக்கு, கீழ் பாதி காலியா இருக்கு. மாமா என்னை பாத்து "போட்டு குடுத்துட்டு போயிடலாமா மாப்ள, பொழுதாகுது"ன்றாரு! பொழுதாகுதுன்னு சுவரை இடிக்க ஒத்துக்குறதா.

"ஐயா, இது இடத்தகராறு, சிவில் கோர்ட்ல பாத்துக்குறோம், விசாரணைக்கு வந்தோம்னு மட்டும் எழுதி குடுக்குறோம்"னு சொல்லி வேற பேப்பர்ல ரெண்டு வரி எழுதி, எழுத்து முடிஞ்ச இடத்துல இருந்து பேப்பர் அடி வரைக்கும் குறுக்கால ஒரு கோடு இழுத்து, மாமா கையெழுத்து, தேதி, நேரம் போட்டு குடுத்தோம். "வக்கீல் ஆபீஸா, அதான்"ன்னாரு ஏட்டு, கோவமெல்லாம் படல. அந்த கோடு போடுறது எங்க சீனியர் சொல்லிக் குடுத்த பழக்கம், காலியா இருக்குற இடத்துல பின்னாடி யாரும் எதையும் சேக்க முடியாது. சொல்லப்போனா வழக்கு விசாரணையில நீங்க சொல்றதை போலீஸ் எழுதினா அந்த வாக்குமூலத்துல உங்க கையெழுத்தே வாங்கக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு, 181வது பிரிவு.

கடன், வாடகை, சுவர், பாதை, இதெல்லாம் சிவில். அதுல ஏமாத்து, மிரட்டல், அடிதடி கலந்தா போலீஸ் வரலாம், இல்லைன்னா யாருக்கு இடம்னு முடிவு பண்ற அதிகாரம் ஸ்டேஷனுக்கு இல்ல. உக்கார வெச்சு பேசி முடிச்சு விடுறதை நம்ம ஆளுங்களே விரும்பி போய் கேக்குறாங்கன்றது தனி வருத்தம், கோர்ட்டுக்கு போனா வருஷக்கணக்கா ஆகும்னு. மனு விசாரணைன்னு திரும்பத் திரும்ப கூப்பிட்டு அலைய விட்டா ஹைகோர்ட்ல "நாட் டு ஹராஸ்" பெட்டிஷன்னு ஒண்ணு போடுவாங்க, அதுல மெட்ராஸ் ஹைகோர்ட் வழக்கமா சொல்றது என்னன்னா, விசாரிங்க, ஆனா தேதி நேரம் போட்டு எழுத்துல சம்மன் குடுங்க, விசாரணையில என்ன நடந்துச்சோ அதை ஸ்டேஷன் டைரியில பதிவு பண்ணுங்க, தொந்தரவு பண்ணாதீங்க. அங்கயும் எழுத்துதான்.

நீங்க புகார் குடுக்க போற கட்சின்னாலும் இதே கதைதான். சி.எஸ்.ஆர். ரசீது குடுத்து அனுப்பிடுவாங்க, நம்ம ஆளுங்க கேஸ் போட்டாச்சுன்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்துடுவாங்க. அது மனு வாங்கினதுக்கு ரசீது, எஃப்.ஐ.ஆர். கிடையாது. பிடிவாரண்டு இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம் நடந்திருக்குன்னு புகார்ல தெரிஞ்சாலே எஃப்.ஐ.ஆர். போட்டாகணும்னு லலிதா குமாரி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 2013லயே சொல்லியாச்சு. இப்ப புது சட்டத்துல மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றம்னா, டி.எஸ்.பி. அனுமதி வாங்கி 14 நாள் முதல்கட்ட விசாரணை பண்ணிக்கலாம்னு ஒரு சந்து விட்டிருக்காங்க, எனக்கு அது பிடிக்கல, அந்த 14 நாள்ல என்னென்ன சமாதானம் பேசுவாங்கன்னு தெரியாதா. எங்க எல்லை இல்லைன்னு திருப்பி அனுப்பவும் முடியாது, எந்த ஸ்டேஷன்லயும் வாங்கணும். எஃப்.ஐ.ஆர். காப்பி புகார்தாரருக்கு இலவசம். போட மாட்டேன்னா எஸ்.பி.க்கு எழுதுங்க, அதுக்கும் பதில் இல்லைன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்.

இப்ப அரெஸ்ட். ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள கேஸ்ல எடுத்த உடனே அரெஸ்ட் பண்ணக்கூடாது, ஏன் அரெஸ்ட் தேவைன்னு காரணம் எழுதணும்னு 2014ல அர்னேஷ் குமார் தீர்ப்பு. அரெஸ்ட் பண்ணினா அரெஸ்ட் மெமோ, அதாவது கைது விவரத்தை எழுதுற பேப்பர் போடணும், அதுல குடும்பத்துல ஒருத்தரோ அந்த ஏரியா பெரிய மனுஷர் ஒருத்தரோ சாட்சி கையெழுத்து போடணும், கைதானவரும் போடணும். எதுக்கு அரெஸ்ட்னு சொல்லணும், சொந்தக்காரங்க இல்ல நண்பர் ஒருத்தருக்கு தகவல் குடுக்கணும், மெடிக்கல் பாக்கணும், விசாரணை நடக்கும்போது வக்கீலை பாக்க விடணும், முழு நேரமும் கூடவே உக்கார விடமாட்டாங்க ஆனா பாக்கலாம். 1996ல டி.கே. பாசு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னதெல்லாம் இப்ப சட்டத்துக்குள்ளயே வந்துடுச்சு. அரெஸ்டுக்கான காரணத்தை அந்த ஆளுக்கு புரியற மாதிரி சரியா தெரிவிக்கலைன்னா அரெஸ்டே செல்லாதுன்னு 2025 பிப்ரவரியில விஹான் குமார் கேஸ்ல தீர்ப்பு வந்திருக்கு.

மெமோவுல எல்லாத்தையும் விட நான் முதல்ல பாக்குறது நேரம். 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், பயண நேரம் மட்டும்தான் கழிவு, இது அரசியல் சட்டம் 22லயே இருக்கு. நடைமுறையில என்ன ஆகும்னா, சாயந்திரம் ஆளை கூட்டிட்டு போவாங்க, மெமோவுல மறுநாள் விடியக்காலை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சந்தேகத்துக்கிடமா நின்னாருன்னு இருக்கும். நடுவுல அந்த ராத்திரி எங்க போச்சு? அந்தக் காலத்து வக்கீல்ங்க இதுக்குன்னே ஆளை தூக்கின உடனே ஓடிப்போய் எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி அடிப்பாங்களாம், தந்தியில நேரம் விழுந்துடும் இல்லையா, பின்னாடி யாரும் மாத்த முடியாது. 2013ல தந்தியை மூடிட்டாங்க. இப்ப அதே வேலையை ஈமெயில் பண்ணும், இன்னார் இத்தனை மணிக்கு இந்த இடத்துல இருந்து கூட்டிட்டு போனாங்கன்னு ரெண்டே வரி எஸ்.பி. ஆபீஸுக்கோ கமிஷனர் ஆபீஸுக்கோ அனுப்பிடுங்க. வீட்டுல இருக்கறவங்க அழுதுட்டு உக்காராம செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். அரெஸ்ட்லாம் இல்ல சும்மா விசாரணைதான்னு சொல்லிட்டு வெளிய விட மாட்டேங்கறாங்கன்னா, "அப்ப நான் கிளம்பலாமா சார்"னு மரியாதையா கேளுங்க, கிளம்ப விடலைன்னா அது காவல்தான், 24 மணி நேர கணக்கு அங்கயே ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னு கோர்ட்ல வாதம் வைக்கலாம்.

பொம்பளைங்களை சூரியன் மறைஞ்சு உதிக்கிறதுக்குள்ள அரெஸ்ட் பண்ணக்கூடாது, தவிர்க்க முடியாத சூழ்நிலையில மட்டும் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட் அனுமதியோட பண்ணலாம். பொம்பளைங்களை சோதனை போடுறதும் பெண் போலீஸ்தான்.

பேசாம இருக்குற உரிமை பத்தி. தனக்கு எதிரா தன்னையே சாட்சி சொல்ல வைக்க முடியாதுன்னு அரசியல் சட்டம் 20(3). ஒடிசா முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியையே ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி கேள்வி பட்டியலை நீட்டியிருக்காங்க, அவங்க பதில் சொல்ல மறுத்து, மறுத்ததுக்கே கேஸ் போட்டு, அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1978ல தீர்ப்பு வந்துச்சு, நம்மளை குற்றத்துல மாட்டி விடுற கேள்விக்கு பதில் சொல்ல தேவையில்லன்னு. முன்னாள் முதல்வருக்கே அந்த கதி. ஆனா பேரு, அட்ரஸ் கேட்டா சொல்லிடுங்க, பொய் மட்டும் வேணாம். "வக்கீலை கேட்டுட்டு சொல்றேன் சார்"ன்றது நல்ல பதில். போலீஸ்கிட்ட குடுக்குற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்ல செல்லாது, ஆனா அதை வெச்சு ஒரு பொருளை கண்டெடுத்தா அந்த பொருளை காட்டிக் குடுத்த பகுதி மட்டும் செல்லும், அதனால செல்லாதுதானேன்னு வாய்க்கு வந்ததை பேசிடாதீங்க. வீடியோல பாக்குற மாதிரி போலீஸ்கிட்ட செக்ஷன் பேசி சட்டையை பிடிக்கிறது, கையை தட்டி விடுறது எல்லாம் வேணவே வேணாம், அரசு ஊழியரை வேலை செய்ய விடாம தாக்கினாருன்னு புது கேஸ் ஒண்ணு சேரும்.

அடி வாங்கியிருந்தா சொல்ல வேண்டிய இடம் ரெண்டு, முதல்ல டாக்டர், அடுத்து மாஜிஸ்திரேட். கூடவே போலீஸ் நிக்கிறப்ப சொல்ல பயமாத்தான் இருக்கும், யாருக்குத்தான் இருக்காது, ஆனா அன்னைக்கு பதிவாகலைன்னா அப்புறம் நிரூபிக்கிறது ரொம்ப கஷ்டம். சாத்தான்குளத்துல 2020 ஜூன்ல போலீஸ் பிடிச்சிட்டுப் போன அப்பாவும் பையனும் செத்தப்போ, ஸ்டேஷன் சிசிடிவி பதிவு தினமும் தானா அழியுற மாதிரி செட் பண்ணியிருந்துச்சுன்னு விசாரிக்க போன மாஜிஸ்திரேட் ஹைகோர்ட்டுக்கு அறிக்கை குடுத்தாரு. அந்த வருஷம் டிசம்பர்லதான் எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், பதிவை பாதுகாக்கணும்னு சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு. பிரச்சனைன்னா சிசிடிவி பதிவை எடுத்து வைக்க சொல்லி உடனே எழுதி மனு குடுங்க, மாசம் கழிச்சு கேட்டா இருக்குமான்னு சொல்ல முடியாது.

வீடியோ கால்ல யூனிஃபார்ம் போட்டுட்டு வந்து உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியாச்சு, கேமராவை ஆஃப் பண்ணாதீங்கன்னா கட் பண்ணிட்டு சைபர் கிரைம் புகார் நம்பர் 1930க்கு அடிங்க. அப்படி ஒரு அரெஸ்டே சட்டத்துல கிடையாது.

வக்கீலுக்கு குடுக்க பணம் இல்லைன்னு நிறைய பேர் ஸ்டேஷன்ல சொன்ன இடத்துல கையெழுத்து போட்டுட்டு வராங்க. காவல்ல இருக்குறவங்களுக்கும், பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டப்பணிகள் சட்டம். கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். போகும்போது கையில இருக்குற பேப்பர் எல்லாத்தையும், சி.எஸ்.ஆர். ரசீது, நோட்டீஸ், மெமோ, எதுவா இருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்து கொண்டு போங்க, அங்க இருக்குறவங்க முதல்ல கேக்குறது அதைத்தான்.