புரோஸ்டேட் ஆபரேஷன்: ரோபோவ பத்தி கேக்குறதுக்கு முன்னாடி டாக்டர பத்தி கேளுங்க

புரோஸ்டேட்ங்கிறது ஆம்பளைங்களுக்கு மூத்திரப் பைக்கு கீழ இருக்குற சுரப்பி, அதுல கேன்சர்னு ரிப்போர்ட் வந்த உடனே சொந்தக்காரங்க கேக்குற முதல் கேள்வி "ரோபோல பண்ணலாமா"ன்னுதான். என் மாமனார் சவுத் ஆப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல பொறந்து வளந்தவரு, வயசு 66. பிஎஸ்ஏ (புரோஸ்டேட்டுக்கு பாக்குற ரத்த டெஸ்ட்) ஏறிக்கிட்டே போச்சு, எம்ஆர்ஐ எடுத்து பயாப்ஸி பண்ணி க்ளீசன் (கேன்சர் எவ்வளவு வீரியம்னு சொல்ற மார்க்) 3+4ன்னு வந்துச்சு, அன்னைக்கு சாயங்காலமே டர்பன்லயே ஃபீனிக்ஸ்ல இருந்து ஒரு போன், மெர்பேங்க்ல இருந்து ஒரு போன். ரோபோன்னா கேன்சர் வேரோட போயிடும், மூத்திரம் லீக்கே ஆகாதுன்னு ஒருத்தர். மெஷின் கையில உடம்ப குடுக்காதீங்க, நடுவுல கரண்ட் போனா என்ன பண்ணுவீங்கன்னு இன்னொருத்தர். லோட்ஷெட்டிங்க (மணிக்கணக்குல கரண்ட் கட்) அனுபவிச்ச டர்பன்காரங்களுக்கு அந்த பயம் வர்றது நியாயந்தான், ஆனா ஆஸ்பத்திரில ஜெனரேட்டர் இருக்கு, மெஷின்லயும் பேட்டரி இருக்கு. ரெண்டு பேர் சொன்னதுமே தப்புன்னு அப்புறம் படிக்க படிக்கத்தான் புரிஞ்சுச்சு, அதனாலதான் இத எழுதுறேன்.

ரோபோன்னு பேருதான், அது தானா ஒண்ணுமே பண்றதில்ல. சர்ஜன் அதே ரூம்ல கொஞ்சம் தள்ளி ஒரு கன்சோல்ல உக்காந்து, பெருசா தெரியுற த்ரீடி படத்த பாத்துக்கிட்டே விரல அசைப்பாரு, அந்த அசைவுதான் வயித்துக்குள்ள போயிருக்குற மெல்லிசு கருவிக்கு போகுது. வயித்துல சின்ன சின்னதா ஓட்டை போட்டு, கார்பன் டை ஆக்சைடு அடிச்சு உப்ப வச்சு, தலை கீழ இறங்குற மாதிரி டேபிள சாய்ச்சுடுவாங்க. புரோஸ்டேட்ட முழுசா எடுத்துட்டு, மூத்திரப் பைய மூத்திரக் குழாயோட சேத்து தைக்கணும், ரெண்டு பக்கமும் ஒட்டி ஓடுற நரம்ப கேன்சர் இடம் குடுத்தா காப்பாத்தணும். இந்த தையலும் இந்த நரம்பும்தான் பின்னாடி ஒரு ஆம்பள எப்படி இருக்கப்போறார்னு முடிவு பண்ணுது. டா வின்சிங்கிற ரோபோ மெஷினுக்கு அமெரிக்காவுல 2000ல அனுமதி குடுத்தாங்க, சவுத் ஆப்பிரிக்காவுக்கு 2013ல பிரிட்டோரியாவுக்கு வந்துச்சு, அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சுதான் கேப்டவுன்ல க்ரூட் ஸ்கூர், டைகர்பெர்க் மாதிரி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு.

சரி, பழைய மாதிரி வயித்த கிழிச்சு பண்றதவிட இது நல்லதா? இதுக்கு நேரடியா பதில் தேடுனது ஆஸ்திரேலியால பிரிஸ்பேன்ல நடந்த ஆராய்ச்சி. 326 பேர சீட்டு குலுக்கி போட்ட மாதிரி ரெண்டா பிரிச்சாங்க, பாதி பேருக்கு ரோபோ, பாதி பேருக்கு ஓப்பன். ரத்தம் போனது ஓப்பன்ல சராசரியா 1,338 மில்லி, ரோபோல 443 மில்லி. ஆஸ்பத்திரில தங்குனது ஓப்பன்ல மூணு நாளுக்கு மேல, ரோபோல ஒண்ணரை நாள். இதுவே பெரிய விஷயம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எல்லா ஆம்பளைக்கும் மனசுல ஓடுற அந்த ரெண்டு விஷயம், மூத்திரக் கசிவும் தாம்பத்யமும், அது 12 வாரத்துலயும் சரி, 2 வருஷம் கழிச்சும் சரி, ரெண்டு குரூப்லயும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருந்துச்சு. இன்னொண்ணையும் கவனிக்கணும், அங்க ஓப்பன் பண்ண டாக்டர் அதுக்கு முன்னாடியே 1,500க்கு மேல பண்ணவரு, ரோபோ டாக்டர் 200 கிட்டதான் பண்ணிருந்தாரு. அவ்வளவு வித்தியாசம் இருந்தும் ரிசல்ட் சமமா வந்துச்சேன்னு ரோபோ பக்கம் பேசலாம், ரோபோ வந்தா எல்லாம் மாறிடும்னு சொன்னது நடக்கலையேன்னும் பேசலாம். எனக்கு ரெண்டாவதுதான் முக்கியமா படுது, ஏன்னா பணம் கட்டுற குடும்பத்துக்கிட்ட அந்த நம்பிக்கையத்தான் விக்கிறாங்க.

கை முக்கியம்னு சும்மா சொல்லல. 2007ல ஓப்பன் ஆபரேஷன வச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. முன்னாடி 10 ஆபரேஷன் மட்டும் பண்ணிருந்த டாக்டர்கிட்ட போனவங்கள்ல 5 வருஷத்துக்குள்ள கேன்சர் திரும்ப தலைகாட்டுனது 17.9 சதவீதம், 250 பண்ண டாக்டர்கிட்ட போனவங்கள்ல 10.7 சதவீதம். ஒரே நோய், ஒரே ஆபரேஷன். அதனால கன்சல்ட்டிங்ல நான் நேரா கேட்டேன், டாக்டர் நீங்க இத எத்தனை பண்ணிருக்கீங்க, வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க, உங்க பேஷண்ட்ல ஒரு வருஷம் கழிச்சு எத்தனை பேர் மூத்திரக் கசிவுக்கு பேட் வைக்காம இருக்காங்கன்னு. அத்தைக்கு முகம் சிவந்துடுச்சு, டாக்டர்கிட்ட இப்படி கேக்கலாமான்னு. அந்த டாக்டர் கோவப்படவே இல்ல, கம்ப்யூட்டர திருப்பி அவரு வச்சிருந்த கணக்க காட்டுனாரு. இந்த கேள்விக்கு முகம் சுளிக்கிற டாக்டரா இருந்தா வேற ஒருத்தர பாக்குறதுதான் நல்லது. மாமா கேட்டது ஒரே கேள்வி, தைப்பூசத்துக்கு காவடி எடுக்கலாமான்னு. ஆறு வாரத்துக்கு கனமா எதுவும் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

மெஷினால ஆபத்து வந்ததே இல்லன்னும் சொல்ல முடியாது. மருந்து, மெடிக்கல் கருவிய எல்லாம் கண்காணிக்கிற அமெரிக்க எஃப்டிஏவுக்கு 2000ல இருந்து 2013 வரைக்கும் வந்த ரிப்போர்ட்ட எல்லாம் எடுத்து பாத்தாங்க, எல்லா வகை ரோபோ ஆபரேஷனும் சேத்து 144 சாவு, 1,391 பேருக்கு காயம், கருவி உடைஞ்சு துண்டு உள்ள விழுந்தது, தேவையில்லாத இடத்துல கரண்ட் தீப்பொறி பட்டது, கருவி தானா அசைஞ்சதுன்னு எல்லாம் இருக்கு. அது எல்லாத்துக்கும் மெஷின்தான் காரணம்னு நிரூபிச்சது இல்ல, லட்சக்கணக்கான ஆபரேஷன்ல வந்த எண்ணிக்கை அது, யூராலஜில மத்ததவிட கம்மி. நிஜமா கவனிக்க வேண்டியது எந்த முறைல பண்ணாலும் வர்ற ஆபத்துதான்: கால் ரத்தக் குழாய்ல ரத்தம் உறையுறது, தச்ச இடம் கசியுறது, இன்ஃபெக்‌ஷன், அபூர்வமா மலக்குடல்ல காயம். ரோபோக்குன்னு தனியா ஒண்ணு, ரொம்ப நேரம் தலை கீழ இருக்குறதால கண்ல பிரஷர் ஏறும், அதனால க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தா மயக்க மருந்து டாக்டர்கிட்ட கண்டிப்பா முன்னாடியே சொல்லிடுங்க.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான வேலையே. ஒரு வாரத்துக்கு மேல கத்தீட்டர் (மூத்திரம் வெளிய வர்றதுக்கு விடுற டியூப்) இருந்துச்சு, பகல்ல தொடைல கட்டுற சின்ன பை, ராத்திரி கட்டிலுக்கு கீழ ஒரு வாளிக்குள்ள பெரிய பை. பேண்ட் போட்டா டியூப் உரசி எரியுதுன்னு மாமா வேட்டிக்கு மாறிட்டாரு, கோயிலுக்கு மட்டும் கட்டுற வேட்டி. அத்தை பழைய தலகாணி உறையில ஒரு பை தச்சு நாடா வச்சு இடுப்புல கட்டி விட்டாங்க, அதுக்குள்ள கத்தீட்டர் பைய வச்சுக்கிட்டு கேட் வரைக்கும் நடப்பாரு. டியூப் எடுத்த அன்னைக்கு எழுந்து நின்ன உடனே கால் வழியா இறங்கிடுச்சு, மனுஷன் அப்படியே உடைஞ்சு போயிட்டாரு. முதல்லயே சொல்லி வச்சிருந்தா அந்த அதிர்ச்சி பாதியா குறைஞ்சிருக்கும். இது பெரும்பாலானவங்களுக்கு நடக்குறது, நிறைய பேருக்கு மாசக் கணக்குல மெல்ல மெல்ல குறையும், இடுப்பு அடித் தசைய இறுக்கி விடுற பயிற்சிய ஆபரேஷனுக்கு முன்னாடியே ஃபிசியோகிட்ட கத்துக்குறது நல்லது. தாம்பத்யம் திரும்ப ரெண்டு வருஷம் வரைக்கும் ஆகலாம், சிலருக்கு முழுசா வராது. இத அத்தை பக்கத்துல உக்காந்திருக்கும்போதே டாக்டர் சொன்னாரு, அதுதான் சரி, ரெண்டு பேரோட வாழ்க்கை அது.

காசு விஷயத்துக்கு வர்றேன். மெடிக்கல் எய்டு (இங்க ஹெல்த் இன்சூரன்ஸ் மாதிரி) ஆபரேஷனுக்கு ஒத்துக்கிச்சு, ஆனா ரோபோன்னா கை காசு பெருசா போடணும்னு சொல்லிட்டாங்க. நாங்க குடும்பமா சேந்து போட்டோம், முடிஞ்சுது. முடியாத வீட்ல நகைய வச்சு, கடன் வாங்கி ரோபோக்கு போகணும்னு யாராவது சொன்னா தயவு செஞ்சு அந்த பிரிஸ்பேன் கணக்க ஒருமுறை பாருங்க. அனுபவம் உள்ள ஓப்பன் சர்ஜன் கிடைச்சா அப்பாவுக்கு குறை வச்சுட்டோம்னு நெனச்சு மருகவே வேணாம். எல்லா புரோஸ்டேட் கேன்சருக்கும் உடனே ஆபரேஷனும் வேணாம். இங்கிலாந்துல 1,643 பேர வச்சு நடந்த ஆராய்ச்சில 15 வருஷம் கழிச்சு புரோஸ்டேட் கேன்சரால செத்தவங்க, முதல்ல கண்காணிப்புல வச்சவங்கள்ல 3.1 சதவீதம், ஆபரேஷன்ல 2.2, ரேடியேஷன்ல 2.9. கண்காணிப்புல இருந்தவங்களுக்கு வேற இடத்துக்கு பரவுனது கூடுதல்தான், 9.4 சதவீதம், ஆபரேஷன்ல 4.7. அதனால வீரியம் கம்மியான கேன்சர்னா, வெட்டாம பிஎஸ்ஏவும் எம்ஆர்ஐயும் பாத்துக்கிட்டே இருக்கலாமான்னு முதல்ல கேளுங்க.

மாமாவோட பிஎஸ்ஏ இப்ப அளக்க முடியாத அளவுக்கு இறங்கிடுச்சு, பகல்ல ஒரு சின்ன பேட் மட்டும் வைக்கிறாரு. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த கேன்சர் இருந்தா 40 வயசுல இருந்தே பிஎஸ்ஏ டெஸ்ட் பண்ணச் சொல்றாங்க, மச்சானுக்கு 43 ஆகுது, ரொம்ப நாள் தட்டிக்கழிச்சவன போன வாரம் நானே கார்ல ஏத்திக்கிட்டு போய் ரத்தம் குடுக்க வச்சேன்.