நமக்கு யாருதான் போட்டின்னு போஸ் கேட்டாரு

பினாங்குல சின்ன என்விரான்மென்ட் கன்சல்டன்சி ஒண்ணுல வேலை பாக்குறேன், பயான் பாரு பக்கம் கடைவீட்டு மாடில ஆபீஸ். போன வருஷம் பேங்குல லோன் கேட்டப்ப பிசினஸ் பிளான் கேட்டாங்க, அதுல போட்டியாளர் ஆய்வுன்னு ஒரு பகுதி இருக்கணுமாம். போஸ், அதான் எங்க முதலாளி, என்னைக் கூப்பிட்டு "ஏம்மா, நமக்கு யாருதான் போட்டி, கொஞ்சம் பாத்து எழுதிக் குடேன்"னு சொல்லிட்டு சைட்டுக்கு கிளம்பிட்டாரு. இதே வேலை தலையில விழுந்தவங்க யாராச்சும் இருந்தா உதவும்னு எழுதுறேன்.

எல்லாரும் முதல்ல போற இடம் எஸ்எஸ்எம் (மலேசியாவுல கம்பெனி பதிவு பண்ற ஆணையம்), நானும் அங்கதான் போனேன். காசு கட்டினா எந்த கம்பெனியோட புரொஃபைலும் எடுக்கலாம், டைரக்டர் யாரு, பங்கு யார்கிட்டன்னு தெரியும். ஆனா பேர்ல "என்விரோ" இருக்குன்னு எடுத்தா பாதி கம்பெனி கொசு மருந்து அடிக்கிறவங்க, இல்ல ஷெட்யூல் வேஸ்ட் (ஆபத்தான கழிவு) ஏத்திட்டுப் போற லோரி கம்பெனி. உண்மையான கன்சல்டன்ட் கம்பெனிங்க நிறைய எக்ஸெம்ப்ட் பிரைவேட் (சில பேர் மட்டும் பங்கு வெச்சிருக்கிற தனியார் கம்பெனி), அவங்க கணக்கை எஸ்எஸ்எம்ல போட வேணாம், ஒரு சர்டிபிகேட் குடுத்தா போதும். அதனால டர்னோவர் எவ்ளோன்னு தேடிப் போனா பெரும்பாலும் காலி பக்கம்தான். பேங்குக்கு டேபிள் போட அந்த வழி சரிப்படல.

உருப்படியா கெடச்சது இஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) ரிப்போர்ட்டுலதான். 2015 இஐஏ ஆர்டர்ல ரெண்டு ஷெட்யூல் (பட்டியல்) இருக்கு, ரெண்டாவது ஷெட்யூல்ல வர்ற புரொஜெக்ட்னா ரிப்போர்ட்டை மக்கள் பாக்க வெக்கணும். கடலை நிரப்பி நிலம் எடுக்குறது 50 ஹெக்டேருக்கு கம்மின்னா முதல் ஷெட்யூல், 50 இல்ல அதுக்கு மேலன்னா ரெண்டாவது. டிஓஇ (சுற்றுச்சூழல் இலாகா) வெப்சைட்ல மக்கள் பாக்க டிஸ்பிளே நடக்குறப்ப இந்த ரிப்போர்ட் வரும், அதுல யாரும் சீந்தாத பக்கம் ஒண்ணு இருக்கும், ஸ்டடி டீம் லிஸ்ட். இஐஏ கன்சல்டன்ட் யாரு, காத்துக்கு யாரு, தண்ணிக்கு யாரு, கடல் உயிருக்கு யாரு, சமூக பொருளாதாரத்துக்கு யாருன்னு பேர் பேரா போட்டிருக்கும். முக்கியமான விஷயம், டிஓஇ பதிவு கம்பெனிக்கு இல்ல, ஆளுக்கு. கம்பெனி எவ்ளோ பெருசா இருந்தாலும் பதிவு பண்ண ஆள் கையெழுத்து இல்லாம ரிப்போர்ட் நகராது.

அதனால எக்செல்ல கம்பெனி பேரை ஓரமா வெச்சிட்டு ஆளுங்க பேரை வரிசையா போட்டேன், எதிர்ல அவங்க வேலை பாத்த ரிப்போர்ட்டுங்க. வடக்கு வட்டாரம் மட்டும், பினாங்கு, கெடா, பெர்லிஸ், கொஞ்சம் பேராக். போட்டு முடிச்சிட்டு பாத்தா ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கிற மாதிரி பேசுற மூணு கம்பெனி ரிப்போர்ட்லயும் கடல் உயிர் பகுதி எழுதினது ஒரே ஆளு! ஹைட்ராலிக் மாடலிங்கும் (தண்ணி ஓட்டத்தை கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது) அப்படித்தான், இந்த பக்கம் அதைச் செய்யத் தெரிஞ்சவங்க கை விரல்ல எண்ணிடலாம். யூனிவர்சிட்டில இருக்கிறவங்க, ரிட்டயர் ஆனவங்க, தனியா பண்றவங்க, இவங்களை யார் முதல்ல பிடிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் டெண்டர்ல பலம். அப்ப போட்டி கம்பெனிக்குள்ள இல்ல, அந்த ஆளோட காலண்டர்ல. இதைச் சொன்னப்ப போஸ் ரொம்ப நேரம் பேசவே இல்ல, அவருக்கும் எல்லா வேலைக்கும் அந்த கடல் உயிர்க்காரர்தான்.

பினாங்குத் தீவுக்குத் தெற்கே கடலை நிரப்பி தீவு உருவாக்குற புரொஜெக்டை எடுத்துக்குங்க, 2019ல இஐஏ அனுமதி கெடச்சுது, மீனவர்கள் அப்பீல் போர்டுக்குப் போய் 2021ல அது ரத்தாச்சு, 2023ல திரும்ப அனுமதி. அதுக்கப்புறம் பெரிய கிளையன்ட் நம்மகிட்ட வந்தா விலை கேக்குறதுக்கு முன்னாடி "நாளைக்கு யாராச்சும் அப்பீல் போட்டா நீங்க நின்னு பதில் சொல்லுவீங்களா"ன்னுதான் கேக்குறாங்க. என் பார்வையில அந்த மாதிரி வேலைக்கு நம்மள மாதிரி சின்ன கம்பெனி விலையைக் குறைச்சு ஓடிப் பிரயோஜனம் இல்ல, அதை போஸ்கிட்ட நேராவே எழுதிட்டேன்.

இன்னொரு கூத்து, இஐஏன்னு எல்லாரும் பேசுறாங்களே தவிர அது ஒரு தடவை வர்ற காசு. அனுமதி கெடச்சதுக்கு அப்புறம் இஎம்பி (சுற்றுச்சூழல் நிர்வாகத் திட்டம்), மாசா மாசம் மானிட்டரிங், சில்ட் டிராப் (சேறு பிடிக்கிற குழி) பாக்குறது, ஆத்துல தண்ணி எடுத்து டிஎஸ்எஸ் (தண்ணில மிதக்குற துகள் அளவு) பாக்குறது, சத்தம் அளக்குறது, கட்டி முடிக்கிற வரைக்கும் ஓடும். சம்பளம் அதுலதான் வருது. பினாங்கு பத்து கவான் வட்டாரத்துல எங்க பழைய கிளையன்ட் ரெண்டு பேர் ஏன் புதுப்பிக்கலன்னு கேட்டுப் பாத்தேன், ரெண்டு பேரும் சொன்னது ஒரே மாதிரி, லேப்காரங்களே சாம்பிள் எடுக்குறது, டெஸ்ட், ரிப்போர்ட் எல்லாம் ஒரே விலைல குடுத்துட்டாங்களாம். சாம் அக்ரெடிடேஷன் (லேப்புக்கு அரசாங்கம் குடுக்குற அங்கீகாரம்) உள்ள லேப், நாம இத்தனை வருஷமா தண்ணி போத்தல் அனுப்பி காசு கட்டுற இடம், அவங்களே இப்ப நம்ம கிளையன்ட்ட போய் நிக்கிறாங்க. போட்டியாளர் பட்டியல்ல முதல் இடத்துல ஒரு லேப்பைப் போட்டேன். சீனியர் அண்ணன் ஒருத்தர் "அது நம்ம சப்ளையர் லா, எப்படி போடுவ"ன்னு சண்டைக்கு வந்தாரு, கிளையன்ட் பேசினதைச் சொன்னதும் சும்மா இருந்துட்டாரு.

கம்பெனி வெப்சைட்டை நம்பாதீங்க, எல்லாரும் எல்லாமும் செய்றதா போட்டிருப்பாங்க. வேலை விளம்பரத்தைப் பாருங்க. கூலிம்ல சைட் என்விரான்மென்டல் ஆபீசர் வேணும்னு ஒரு கம்பெனி அடுத்தடுத்து கேட்டா அங்க அவங்களுக்கு வேலை விழுந்திருக்குன்னு அர்த்தம். அரசாங்க டெண்டர் முடிவு வெப்சைட்ல போட்டா அதையும் சேத்து வெச்சுக்குங்க.

பேங்க் ஆபீசர் நாடு முழுக்க நம்ம மார்க்கெட் ஷேர் எத்தனை விழுக்காடுன்னு கேட்டாரு. சரவாக், சபாவுல இஐஏக்கு அவங்க அவங்க சொந்த சட்டம், சொந்த இலாகா, அதனால நாடு முழுக்க ஒரே மார்க்கெட்டுன்னு சொல்ல முடியாதுன்னு விளக்கினேன். அவருக்கு என்னவோ ஒரு வட்டப்படம் வேணும், சரின்னு வடக்குல டிஸ்பிளேக்கு வந்த ரிப்போர்ட்டை எண்ணி வட்டம் போட்டுக் குடுத்தேன், விழுக்காட்டை கற்பனையா எழுத மனசு வரல.

இஎஸ்ஜி (கம்பெனிங்க சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் பத்தி அறிக்கை குடுக்குறது) பக்கம் சுருக்கமா சொல்றேன். 2024 செப்டம்பர்ல தேசிய சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட்டிங் ஃபிரேம்வொர்க் வந்ததுலேர்ந்து ஆடிட் கம்பெனிங்க இந்த வேலைக்குள்ள வந்துட்டாங்க, அவங்களோட மோத முடியாது. ஆனா பயான் லெப்பாஸ் ஃபேக்டரில எஃப்ளுவென்ட் (கழிவுநீர்) கணக்கும் இ-ஸ்விஸ் (டிஓஇயோட ஷெட்யூல் வேஸ்ட் ஆன்லைன் சிஸ்டம்) பதிவும் படிக்கத் தெரிஞ்ச ஆள் அவங்களுக்கும் வேணும், அந்த ஓட்டைல நாம நுழையலாம்னு ஒரு பத்தி எழுதினேன். அதே வருஷம் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை திருத்தி உச்ச அபராதம் 10 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) ஆக்கினதும் போன் கொஞ்சம் அதிகமா அடிக்குது, அதையும் சேத்தேன்.

லோன் கெடச்சுது, கேட்டதுல பாதி. போஸ் அந்த கடல் உயிர்க்காரரோட வருஷ ஒப்பந்தம் போட்டுட்டாரு, அவரு சம்மதிச்சதுதான் எனக்கு ஆச்சரியம். லேப் விஷயத்துக்கு இன்னும் வழி பிறக்கல, வேற லேப்கிட்ட விலை கேட்டிருக்கோம், அவங்களும் மானிட்டரிங் பண்றாங்களான்னு இந்த தடவை முதல்லயே விசாரிச்சிட்டேன், பண்றாங்க.