செங்குன்றத்தில் மூட்டை எண்ணிய காலம்

வங்கி வேலை என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து பணம் எண்ணுவது என்று பலருக்கும் நினைப்பு. செங்குன்றம் கிளைக்குக் கடன் அதிகாரியாக மாற்றலாகிப் போன பிறகு நான் எண்ணியதெல்லாம் மூட்டைகள்தான். அரிசி ஆலைகளுக்கு நாங்கள் கொடுக்கும் கடனுக்கு, ஆலைக் கிடங்கில் கிடக்கும் நெல்லும் அரிசியும்தான் ஈடு. மாதம் பிறந்தால் ஆலைக்காரர் கையிருப்புக் கணக்கு எழுதிக் கொடுப்பார். எழுதியது கிடங்கில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தச் சாக்கில் ஊர் முழுக்கச் சுற்றினேன். ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள அதன் கடன் கோப்புகளைவிடத் தோதான புத்தகம் கிடையாது என்பது என் கட்சி.

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே, கல்கத்தா போகும் ஜி.என்.டி. சாலையைப் பிடித்தால் சுமார் இருபது கிலோமீட்டரில் ஊர் வந்துவிடும். மாதவரம் ரவுண்டானா தாண்டி, புழல் தாண்டிப் போகும்போது இடது கைப்பக்கம் புழல் ஏரி. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தால் பல இடங்களில் தண்ணீர் தெரியாது, கரைதான் தெரியும். ஊர் வடகிழக்குப் பக்கம், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெடுஞ்சாலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. தென்மேற்குக் கரைப்பக்கம் திருமுல்லைவாயில், தெற்கே அம்பத்தூர். எல்லோரும் செங்குன்றம் என்றோ ரெட்ஹில்ஸ் என்றோதான் சொல்வார்கள். பத்திரத்தைப் பிரித்தால் ஒருவர் நாரவாரிகுப்பம் பேரூராட்சி, அடுத்தவர் பாடியநல்லூர் ஊராட்சி. 2011இல் புழல் சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது, செங்குன்றம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நின்றுவிட்டது. மனை மதிப்பு போடும்போது இந்த எல்லைக்கோட்டின் அருமை தெரியும்.

பழங்கதைகளில் இது குறும்பர்களின் புழல் கோட்டை. தொண்டைமான் படையெடுத்து வந்தான், யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கியது, வாளால் வெட்டியபோது ரத்தம் பீறிட்டு அடியில் லிங்கம் தெரிந்தது என்று திருமுல்லைவாயில் தலபுராணம் சொல்கிறது. தோற்ற குறும்பர் தலைவர்களின் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்று இரண்டு எருக்கந்தூண்களை மாசிலாமணீஸ்வரர் கோயிலில் இன்றும் காட்டுவார்கள். எங்கள் கிளையில் நகைக் கடன் பார்த்த அம்மா அந்தப் பக்கத்துக்காரர். புதிதாக யார் மாற்றலாகி வந்தாலும் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தூண்களைப் பார்க்க அனுப்பிவைத்துவிடுவார்.

எனக்கு அதைவிட ஆச்சரியம் ரயில். 1837இலேயே இங்கிருந்து பட்டணத்துக்குத் தண்டவாளம் இருந்தது. சாலை போடச் செம்பாறைக் கல் தேவைப்பட்டது, அதை வெட்டி ஏற்றிப்போக ஆர்தர் காட்டன் முன்னின்று போட்ட பாதை அது. காவிரி, கோதாவரி அணைக்கட்டுகளுக்காகப் பேர் வாங்கிய அதே காட்டன்தான். நீராவி இன்ஜினும் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், பெரும்பாலும் மாடுகள்தான் இழுத்தன. பம்பாய் - தானே ரயில் ஓடியது 1853இல். அதற்குப் பதினாறு ஆண்டு முன்பே ஓடிய பாதைக்கு ஊருக்குள் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. ஆலைக்காரர்களிடம் சொன்னால், "அப்படியா சார்?" என்று கேட்டுவிட்டு வட்டி விகிதத்துக்குத் தாவிவிடுவார்கள்.

முதலில் கல், பிறகு தண்ணீர். கொசஸ்தலையாற்றில் தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு கட்டி, நீரைத் திருப்பிச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழலுக்கும் கொண்டுவந்து, கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பும் திட்டம் 1872இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பட்டணத்துக்கு ஏழு கிணறும் வீட்டுக் கிணறுகளும்தான். ஏரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, உயரம் 21.20 அடி. இந்த இரண்டு எண்களும் மழைக்காலத்தில் செங்குன்றத்தில் டீ குடிக்கிறவர்களுக்குக்கூட மனப்பாடம். அக்டோபர் பிறந்தால் தந்தியில் முதலில் பார்ப்பது 'புழல் நீர்மட்டம்' கட்டம்தான். கிருஷ்ணா நீர் 1996இல் வர ஆரம்பித்த பிறகு ஆந்திராவில் கண்டலேறு அணையில் எவ்வளவு, இங்கே பூண்டி ஏரியில் எவ்வளவு என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது.

ஏரிக்கரையிலேயே நாளொன்றுக்கு 30 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. எங்கள் கிளைக்கு மட்டும் குடிதண்ணீர் கேனில் வரும். கேன் போடும் பையனிடம் ஒரு நாள், "ஏரிக்கரையில இருந்துகிட்டு கேன் வாங்குறோமேப்பா" என்றேன். "அது உங்களுக்கு வெச்ச தண்ணி இல்ல சார், சிட்டிக்கு" என்று மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காலி கேனைத் தூக்கிக்கொண்டு போனான். அவனுக்கு அதில் குறையொன்றும் இல்லை. எனக்குத்தான் உறுத்தியது. இந்த ஊரின் கதையே அதுதான் என்று பிறகு பட்டது. பட்டணத்துக்கு எது வேண்டுமோ அது இங்கிருந்து போகும். பட்டணத்துக்கு எது வேண்டாமோ அது இங்கே வரும். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மத்திய சிறையை 2006இல் புழலுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் யார் கைதானாலும் செய்தியில் 'புழல்' என்றுதான் வரும். பெண் பார்க்கப் போன இடத்தில், "புழலா? ஜெயில் பக்கமா?" என்று கேட்டார்களாம், எங்கள் காசாளர் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுவார்.

அரிசிக்கு வருகிறேன். வயல் இங்கே அதிகம் கிடையாது, நெல் ரோட்டில் வருகிறது. நெல்லூர், கூடூர், நாயுடுபேட்டைப் பக்கமிருந்து ஆந்திரா எண் போட்ட லாரிகள் விடியுமுன்பே வந்து வரிசை கட்டிவிடும். திருவள்ளூர் மாவட்டத்துக் குண்டு நெல்லும் வரும், அது இட்லிக்கு. சாப்பாட்டுக்குப் பாபட்லா என்ற சன்ன ரகம். லாரி ஓரம் தரகர் குத்தூசியை மூட்டையில் செருகி ஒரு பிடி நெல் எடுப்பார், உள்ளங்கையில் தேய்ப்பார், ஒரு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். 'கடக்' என்று முறிந்தால் காய்ச்சல், அதாவது நெல் காய்ந்த பதம், சரி. நசுங்கினால் ஈரம், விலையில் கழிவு. அரசுக் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். இங்கே பல்தான் மீட்டர். பேரம் பாதி தெலுங்கு, பாதி தமிழ். இரண்டும் தெரியாதவன் செங்குன்றத்தில் நெல் வாங்க முடியாது. வங்கிக்காரனுக்கும் "எந்தா?" என்று விலை கேட்கிற அளவுக்காவது தெலுங்கு வேண்டும்.

ஆலைக்குள் போனால் முதலில் தாக்குவது ஊறல் வாசனை. தொட்டியில் ஊறிய நெல்லின் புளித்த வாடை சட்டையில் ஏறிவிட்டால் ராத்திரி வீட்டுக்குப் போகும்வரை போகாது. ஊறிய நெல்லை ஆவியில் அவித்து, உலர்த்தி, பிறகு அரைவை. முன்பு களத்தில் கொட்டிப் பெண்கள் காலால் கோதி உலர்த்தினார்கள். இப்போது டிரையர், அரிசியில் ஒரு கறுப்பு மணி வந்தாலும் ஊதித் தள்ளும் கலர் சார்ட்டர். அவற்றுக்கெல்லாம் தவணைக் கடன் நாங்கள் கொடுத்ததுதான். நூறு கிலோ நெல் அரைத்தால் புழுங்கலில் 68 கிலோ அரிசி என்பது அரசுக் கணக்கு. மீதியில் தவிடு எண்ணெய் ஆலைக்கு, உமி அதே ஆலையின் பாய்லருக்கு, நொய் தீவனத்துக்கு. வீணாவது என்று பார்த்தால் சாம்பல்தான். அது ஊர் முழுக்க மொட்டை மாடிகளில் காயும் வெள்ளை வேட்டியில் போய் உட்காரும். இதற்காக வரும் சண்டைகள் பஞ்சாயத்துவரை போகும்.

மூட்டை எண்ணுவதற்கு வங்கி ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறது. அட்டியில், அதாவது மூட்டை அடுக்கில், நீளவாக்கில் எத்தனை, அகலவாக்கில் எத்தனை, உயரத்தில் எத்தனை, பெருக்கு. நான் அப்படித்தான் நோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு ஆலையில், சுமை இறக்கிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மேஸ்திரி கேட்டார்.

"இன்னா சார், நெட்டுக்கு எண்றீங்க, குறுக்கால எண்றீங்க. நடுவுல இன்னா கீதுன்னு எப்டித் தெரியும்?"

"நீங்கதான் சொல்லணும் மேஸ்திரி."

அவர் ஒரு மூட்டையை உள்ளங்கையால் அறைந்தார். "நெல்லுன்னா மொத்துன்னு நிக்கும். உமின்னா பொசுக்குன்னு உள்ள போவும். ஓரத்துல நெல்லு, நடுவுல உமி வெச்சு அடுக்கினான்னு வெச்சுக்கோ, பத்து நாள்ல நடு எறங்கும், அட்டி வவுறு தள்ளும். தள்ளி நின்னு பாரு, கிட்ட நின்னு எண்ணாத."

பயிற்சிக் கல்லூரியில் இதைச் சொல்லித்தரவில்லை. அன்றிலிருந்து எந்தக் கிடங்குக்குப் போனாலும் முதலில் வாசலிலேயே நின்று அட்டிகளின் பக்கவாட்டைப் பார்ப்பேன். சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றால் எண்ணத் தொடங்குவேன். வயிறு தள்ளியிருந்தால் நடு அட்டியைப் பிரிக்கச் சொல்வேன். பிரிக்கச் சொன்னதும் ஆலைக்காரர் முகத்தில் ஓடுவதைப் பார்த்தாலே பாதி ஆய்வு முடிந்துவிடும். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே ஆளைக் கூப்பிடுவார்கள். சிலருக்கு மட்டும் அன்றைக்கென்று கூலி ஆள் இருக்க மாட்டார்கள்.

2022 ஜூலையில் எங்கள் சூத்திரமே மாறிப்போனது. 25 கிலோ வரையிலான பைகளில் அடைத்து விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று வந்தது. சில நாளிலேயே கிடங்குகளில் 26 கிலோ சிப்பங்கள் எழும்பிவிட்டன. வரிச் சட்டம் படித்த பட்டயக் கணக்காளர்களுக்கு முன்னால் பை தைப்பவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். ஒரே கிடங்கில் பழைய 25, புதிய 26, ஓட்டலுக்குப் போகும் பெரிய மூட்டை என்று கலந்து கிடக்க, கையிருப்புக் கணக்கில் எடை சேர்த்துப் பார்ப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்தது.

மூட்டைக்கு அடுத்தபடி என் தலைவலி மனை. ஏரியைப் பார்த்த மனை என்று விளம்பரம் வரும், வாங்குபவர் கடனுக்கு வருவார். தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் எல்லாம் கேட்போம். காகிதம் சரியாக இருக்கும். மனையில் போய் நின்று பார்த்தால் காலடியில் கோரைப்புல் இருக்கும். கோரை முளைக்கிற மண்ணை எந்த வழக்கறிஞரின் கருத்துரையும் மேடாக்க முடியாது. அப்படிச் சில விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியதற்கு மேலிடத்தில் கேள்வி வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஏரி நிரம்பினால் உபரி நீர் போகும் வழியை வானொலி ஒப்பிக்கும்: நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையன்குப்பம். கடன் கேட்டு வரும் முகவரி இந்தப் பட்டியலில் இருந்தால் நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பார்த்துவிடுவேன்.

நேர்மாறாக 2019 கோடையில் ஏரியே வறண்டது. கரைமேல் ஏறி நின்றால் பாளம் பாளமாக வெடித்த தரை. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருஷம் அது. நெல் ஊறப்போடத் தண்ணீர் வேண்டுமே, ஆலைகளின் போர்வெல்களில் தண்ணீர் இறங்கிப்போய், லாரித் தண்ணீர் வாங்கி அரிசி அரைத்தார்கள். அந்தச் செலவைக் காட்டிக் கடன் வரம்பை உயர்த்தச் சொன்னார் ஒருவர். கொடுத்தோம்.

காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் எல்லா முகாம்களையும் போல அதையும் மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றியது. ஆண்களில் பலர் பெயின்ட் வேலைக்குப் போவார்கள். கணக்குத் தொடங்க வந்த ஒரு பெண், படிவத்தில் ஓரிடத்தில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சேர், பூர்வீகம் எண்டு கேட்டிருக்கு. அம்மாவுக்கு மன்னார். நான் பிறந்தது இஞ்சதான். எதை எழுத?" பிறந்த ஊரை எழுதச் சொன்னேன். அழகான கையெழுத்தில் எழுதினார். குடியுரிமைக் கட்டத்தை நான் நிரப்பினேன், அவர் வேறுபக்கம் பார்த்துக்கொண்டார். வங்கிப் படிவங்களை வடிவமைக்கிறவர்கள் ஒரு தடவை காவாங்கரைக்கு வந்துபோனால் தேவலை.

நான் மாற்றலாகிக் கிளம்பும் சமயத்தில் அடுத்த அலை தொடங்கியிருந்தது. துறைமுகம் ஒரு பக்கம், புறவழிச்சாலை ஒரு பக்கம், கல்கத்தா நெடுஞ்சாலை ஒரு பக்கம் என்றிருந்தால் கிடங்குக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? சுற்றுவட்டாரத்தில் நீலத் தகரக் கூரைகள் எழும்பிக்கொண்டிருந்தன. மூன்று தலைமுறையாக அரிசி அரைத்த ஒரு ஆலைக்காரர், களத்தை இடித்துக் கிடங்கு கட்டக் கடன் கேட்டு வந்தார். ஆன்லைனில் வாங்கும் சாமான்களை வைத்துச் சென்னைக்குள் அனுப்பும் நிறுவனத்துக்கு வாடகைக்கு விடப்போகிறாராம். ஒப்பந்தமும் ஒழுங்காக இருந்தது, வாடகையும் தவணையைத் தாராளமாகத் தாங்கியது. பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"ஆலை வேணாம்னு முடிவே பண்ணிட்டீங்களாண்ணே?"

"நெல்லுன்னா காய்ச்சல் பாக்கணும், ஈரம் பாக்கணும், மில்லுக்கு ஆள் பாக்கணும். இதுல பொட்டிய எவனோ கொண்டாறான், எவனோ எடுத்துனு போறான். நமக்கு மாசம் பொறந்தா வாடகை. உங்களுக்கும் நிம்மதி சார், வந்து எண்ண வேணாம் பாருங்க."

அது உண்மைதான். வாடகைக் கடனுக்குக் கையிருப்பு ஆய்வு கிடையாது. மேஸ்திரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். வாசலில் செக்யூரிட்டியாகப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.