கரண்ட் போனா சோலாரும் போச்சு

2023 டிசம்பர் 17, 18 மழையில தாமிரபரணி ஊருக்குள்ள ஏறுனப்போ, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில எங்க தெருவுக்கு மூணு நாள் கரண்ட் இல்ல. தொட்டி காலி, செல்லு செத்துப்போச்சு. சோலார் போட்டே தீரணும்னு அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன்.

அடுத்த பிப்ரவரியில, வீட்டு மாடியில சோலார் போட மத்திய அரசு மானியம் குடுக்குற பி.எம். சூரிய கர் திட்டம் வந்துச்சு. 2 கிலோவாட் வரைக்கும் கிலோவாட்டுக்கு 30,000 ரூபா மானியம். 3 கிலோவாட்டோ அதுக்கு மேலயோ போட்டா 78,000, அவ்வளவுதான். ஆன்லைன்ல பதிய பத்து நிமிஷம்கூட ஆகல. ஆனா கரண்ட் பில் இன்னும் அப்பா பேர்ல இருந்துச்சு. அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. வாரிசுச் சான்று, வீட்டுவரி ரசீது, அக்காகிட்ட சம்மதக் கையெழுத்துன்னு அலைஞ்சதுலயே ரெண்டு மாசம் ஓடிருச்சு. இதே நிலைமையில இருக்கவங்க, பேனல் விலை விசாரிக்கிறதுக்கு முன்னாடி பில்லுல பேரை மாத்திருங்க.

அம்மாவுக்கு வேற கவலை. "ஏல, இனிமே வத்தல எங்க போய்க் காயப்போட?" எட்டடி உசரத்துக்குக் கம்பி நட்டு, பேனலத் தெக்கே பாக்கச் சாய்ச்சு மாட்டுனோம். கீழ இடம் இருக்கு, வெயில்தான் இல்ல. அதுக்கு இன்னிக்கும் ஏச்சு வாங்குதேன்.

எர்த் குழி, லைனுக்குக் குடுக்குறதையும் எடுக்குறதையும் கணக்குப் பாக்குற நெட் மீட்டர் எல்லாம் பெருசா இழுக்கல. மானியமும் கணக்குல ஏறிருச்சு. நல்ல வெயிலடிச்சா 3 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 12 யூனிட் வரை வருது. ஆனி, ஆடியில மேகம் மூடிக்கிட்டா அது பாதியாயிரும்.

ஒரு நாள் மத்தியானம், மண்டை காயுற வெயில்ல கரண்ட் போச்சு. ஃபேனும் நின்னுருச்சு. போட்டுக்கொடுத்த தம்பிக்கு போன் அடிச்சேன். "அண்ணாச்சி, இது ஆன்கிரிட், கரண்ட் லைனோட சேந்து ஓடுறது. லைன்ல கரண்ட் இல்லேன்னா இன்வர்ட்டர் தானா நின்னுரும். கம்பத்துல வேலை பாக்கவனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுல்லா?" நியாயம்தான். காசு வாங்குறதுக்கு முன்னாடி அதச் சொல்லிருக்கலாம்லா!

2025 ஜனவரியில நாட்டோட சோலார் 1 லட்சம் மெகாவாட்டைத் தாண்டிருச்சுன்னு பேப்பர்ல படிச்சேன். எல்லாம் பகல் கரண்ட். வீட்டுல மொத்தப் பேரும் ஃபேனையும் டிவியையும் போடுத ஏழு மணிக்கு அதுல ஒரு சொட்டு கிடையாது, சேத்து வைக்காட்டி.

பொறவு, லைன் இல்லாட்டியும் பேட்டரிய வச்சு ஓடுற ஹைபிரிட் இன்வர்ட்டர் மாத்தி, 5 யூனிட் பிடிக்கிற லித்தியம் பேட்டரி வாங்குனேன். பேட்டரிக்கு மானியம் கிடையாது, முழுசும் கைக்காசு. நாலு ஃபேன், ஃப்ரிட்ஜ், லைட்டு ராத்திரி தாங்குது. மோட்டார் போட மட்டும் விடுறதில்ல.

பேட்டரிய மீட்டர் பெட்டிக்குக் கீழ வைக்கலாம்னு எலக்ட்ரீசியன் சொன்னார். அந்த மழைத் தண்ணி ஏறி நின்னு, சுவத்துல இன்னும் அழியாம இருக்குற கோட்டைக் காட்டி, அதுக்கு ரெண்டடி மேல மாட்டச் சொன்னேன்.