ஓவரி கேன்சருக்குப் பிறகு பத்து வருஷம்: மலைமேல் இருப்பவர்களுக்கு

"உனக்கு மட்டும் எப்படிம்மா சரியாச்சு?" ஓவரி கேன்சர், அதாவது சினைப்பைப் புற்றுநோய், வந்து எட்டு, பத்து வருஷம் தாண்டிய பெண்கள் குன்னூர் மார்க்கெட்டிலும் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலும் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி இது. பதிலையும் கேட்பவர்களே வைத்திருப்பார்கள். ஹெத்தையம்மன் காப்பாத்தினா. வீட்டுக்காரர் நல்லா பாத்துக்கிட்டார். முள்சீத்தா இலைக் கஷாயம். எல்லாவற்றுக்கும் மேலே, மன தைரியம்.

எனக்குப் பிடிக்காத பதில் இந்த மன தைரியம்தான். தைரியம் பிழைக்க வைத்தது என்றால், பக்கத்து பெட்டில் கீமோ ஏற்றிக்கொண்டு இரண்டே வருஷத்தில் போய்விட்டவளுக்கு தைரியம் இல்லையா? பிழைத்தவர்களை ராத்திரியில் தூங்கவிடாமல் அரிப்பதும் இந்தக் கணக்குதான். மறுபடி நோய் வந்தால் "நான் தளர்ந்துவிட்டேன், அதனால்தான்" என்ற பழி வேறு சேர்ந்துகொள்ளும்.

தெரிந்த கணக்கு இது. கலிபோர்னியாவில் 11,541 பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2015-ல் வெளியான ஆய்வில் 3,582 பேர், அதாவது 31 சதவீதம் பேர், பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். அதைவிட முக்கியமானது, அந்த 3,582 பேரில் 954 பேர் பரவிய நிலை, தீவிரமான ரகம், கூடின வயது போன்ற காரணங்களால் "கஷ்டம்" என்று எழுதிவைக்கப்படக்கூடியவர்கள். எந்த ரகம், எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தார்கள், ஆபரேஷனில் கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் மிச்சம் இல்லாமல் எடுக்க முடிந்ததா, கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துக்கு நோய் எவ்வளவு அடங்கியது, மரபணு எப்படி என்பவை பாதிக் கதையைச் சொல்லும். மீதிக் கதை யாருக்கும் தெரியாது. அம்மனும் டாக்டரும் தலையெழுத்தும் சேர்ந்து காப்பாற்றினார்கள் என்று ஒரே மூச்சில் சொல்பவர்களைத் திருத்தப் போவதில் பயனில்லை. அந்த நம்பிக்கையோடு செக்கப்புக்கும் தவறாமல் வருகிறவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர்.

முள்சீத்தா மட்டும் வேறு விஷயம். அதில் உள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்பு செல்களைக் கெடுப்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. அதை வழக்கமாகச் சாப்பிடும் குவாதலூப் தீவில் பார்க்கின்சன் போன்ற ஒரு நோயோடும் அதற்குத் தொடர்பு பேசப்படுகிறது. ஏற்கெனவே கீமோவால் கால் மரத்தவர்கள் அதைத் தினமும் காய்ச்சிக் குடிப்பது வேண்டாத வேலை.

அந்த மரத்த காலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பாக்லிடாக்சல், கார்போபிளாட்டின் இரண்டும் 21 நாளுக்கு ஒரு முறை, ஆறு சுற்று என்பது வழக்கமான சிகிச்சை. விரல் நுனி, பாதம் மரத்துப்போவதற்கு முக்கியக் காரணம் பாக்லிடாக்சல். கீமோ முடிந்த சில மாதங்களில் பலருக்குக் குறையும். சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கும். சமவெளியில் இருப்பவர் செருப்பு நழுவுகிறது என்பதோடு சமாளித்துவிடுவார். மலைச் சரிவில், மழையில் ஊறிய மண் படியில், தேயிலைக் காட்டில் அது வேறு கதை.

கொழுந்து பறிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இலை ஒரு மொட்டைக் கண் பார்ப்பதற்குள் விரல் கண்டுகொள்ளும். இளசு பட்டென்று ஒடியும், முற்றினது இழுக்கும். அந்த உணர்வு போனால் ஒவ்வொரு கிளையையும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். கை வேகம் குறையும், சாயங்காலம் எடையும் குறையும். கத்தரி வைத்து வெட்டுவதற்கு விரல் நுனி தேவையில்லை என்பதால் சிலர் அதற்கு மாறுகிறார்கள். ஆனால் கத்தரியில் மூட்டை சீக்கிரம் நிறையும், அதைத் தூக்குவது வயிற்றுக்கு ஆகாது. நெஞ்சுக்குக் கீழிருந்து நேராக வெட்டித் தைத்த வயிற்றில் தசை விட்டு குடல் பிதுங்குவது, அதாவது ஹெர்னியா, வருஷங்கள் கழித்தும் வரும். மூட்டையைப் பாதியாகக் கட்டி இரண்டு நடையாகச் சுமக்கலாம். முடியாவிட்டால் தூக்குகிற வேலை வேண்டாம் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடலாம்.

கம்பூட்ஸ் போடுபவர்கள் ஒவ்வொரு முறையும் அதைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்துப் போடவும். உள்ளே கிடக்கும் சின்னக் கல்லைப் பாதம் சொல்லாது, சாயங்காலம் புண்தான் சொல்லும். ராத்திரி படுக்கும் முன் ஒரு கைக்கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்த்துவிடுவது நல்லது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் நாட்களில் கணப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்காருவதும் சுடுதண்ணிப் பையைப் போர்வைக்குள் வைத்துத் தூங்குவதும்தான் பெரிய ஆபத்து. சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். தண்ணீர்ச் சூட்டை முழங்கையில் தொட்டுப் பாருங்கள், காலுக்குக் கம்பளி சாக்ஸ் போதும். எரிச்சலும் வலியும் தாங்கவில்லை என்றால் டுலோக்சடின் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், சான்று உள்ள மாத்திரை அது ஒன்றுதான். கடையில் "நரம்பு மாத்திரை" என்று கேட்டு வாங்கினால் சிலதில் அசிட்டைல் எல்-கார்னிடின் சேர்ந்திருக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்த பெண்களிடம், மரப்பு வராமல் தடுக்க அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் வந்த முடிவு, மரப்பு கூடியது என்பதுதான்.

ஆபரேஷனில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தால் கால் வீங்கலாம். அந்தக் காலில் அட்டை கடித்தால் அலட்சியம் வேண்டாம். பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுத்து, சோப்பு போட்டுக் கழுவுங்கள். சிவந்து, சுட்டு, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆன்டிபயாடிக் வேண்டும்.

இனி சிஏ-125, அதாவது நோய் திரும்புகிறதா என்று பார்க்க எடுக்கும் ரத்தப் பரிசோதனை. கீமோ முடிந்த முதல் இரண்டு வருஷம் சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு செக்கப், ஐந்து வருஷம் வரை நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒன்று, அதன்பிறகு வருஷத்துக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. பலருக்கு வருஷமே இந்த ரத்தப் பரிசோதனை நாட்களாகத்தான் ஓடுகிறது. ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் ராத்திரி எட்டு மணிக்கு வரும், டாக்டரைப் பார்ப்பது மூன்று நாள் கழித்து. அந்த மூன்று நாளில் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடுவதில்லை. கோயம்புத்தூர் போகிற நாளுக்கு முந்தின நாள் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை நேராக டாக்டருக்கே அனுப்பச் சொல்லிவிடலாம். ஒரே லேபில் எடுப்பது அவசியம், லேபுக்கு லேப் எண் மாறும்.

35-க்குக் கீழே சாதாரணம் என்பார்கள். 18 இருந்தது 24 ஆனால் அது ஏற்றம் இல்லை. சாதாரண அளவுக்கு இறங்கியிருந்தவருக்கு, வரம்பின் இரண்டு மடங்கு, அதாவது 70-ஐத் தொட்டு, ஒரு வாரமாவது கழித்து எடுத்த இரண்டாவது பரிசோதனையிலும் அப்படியே இருந்தால்தான் மறுபடி நோய் என்று கணக்கில் எடுப்பார்கள். வயிற்றில் காசநோய், ஈரல் கோளாறு, நீர் கோர்ப்பது, இவையும் இந்த எண்ணை ஏற்றும். 2010-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, அறிகுறி எதுவும் இல்லாதபோது எண் ஏறியதை மட்டும் பார்த்து உடனே கீமோ தொடங்கியவர்களையும், அறிகுறி வரும்வரை காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டது. முன்னவர்கள் கிட்டத்தட்ட ஐந்து மாதம் முந்தித் தொடங்கியும் ஆயுளில் வித்தியாசம் இல்லை. இப்போது மருந்துகள் மாறிவிட்டன. ஆனாலும் "இந்த டெஸ்ட் எனக்கு வேண்டுமா" என்று கேட்பது தவறில்லை என்று அந்த ஆய்வு காட்டுகிறது. எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, தெரிந்தால்தான் தூங்குபவர்களும் உண்டு.

எண்ணைவிட நான் பயப்படச் சொல்வது குடல் அடைப்புக்கு. ஆபரேஷனில் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதாலும் வரும், நோய் திரும்புவதாலும் வரும். விட்டு விட்டு முறுக்கும் வலி, உப்பிய வயிறு, வாந்தி, காற்று பிரியாமை. இந்த நாலும் சேர்ந்தால் வாயு என்று இஞ்சிச் சாறு குடித்து உட்காராதீர்கள், விளக்கெண்ணெய் கொடுக்கவே கூடாது. திட உணவை நிறுத்திவிட்டு வண்டி ஏறுங்கள். பந்தலூரில் இருந்தோ மஞ்சூரில் இருந்தோ பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்க மணிக்கணக்கில் ஆகும், மண்சரிவு மாதங்களில் இன்னும் கூட. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது மலையில் இருப்பவர்களுக்கு ஒத்துவராது. பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் கதவுப் பக்கம் மாட்டி வையுங்கள். ஒருமுறை அடைப்பு வந்தவர்கள் வாழைத்தண்டு, சோளம், தோலோடு அவரைக்கொட்டை, கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சக்கை இவற்றை ஒதுக்கி, தோல் சீவிக் குழைய வேகவைத்த கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சினைப்பை போனபின் எலும்பு தேய்வதும் பிறப்புறுப்பு வறட்சியும் டாக்டர்கள் தாமாகக் கேட்காதவை. நீங்கள் கேளுங்கள், இரண்டுக்கும் வழி உண்டு.

நீண்ட காலம் இருப்பவர்கள் எல்லோரும் நோய் முழுக்கப் போனவர்கள் இல்லை. இரண்டு, மூன்று தடவை திரும்பி, ஒவ்வொரு தடவையும் கீமோ எடுத்து, நடுவில் கொஞ்ச காலம் தோட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிறவர்கள் நிறைய. சர்க்கரை வியாதி மாதிரி இழுத்துக்கொண்டு போவது. முந்தின கார்போபிளாட்டின் முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் கழித்துத் திரும்பினால் அதே மருந்து மறுபடி வேலை செய்ய வாய்ப்பு அதிகம். ஆனால் முதல் தடவையிலிருந்து எண்ணினால் ஏழு, எட்டாவது டோஸ் வாக்கில் அலர்ஜி வரலாம். உள்ளங்கை அரித்தால், முகம் சிவந்தால் ட்ரிப்ஸ் ஓடும்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள். முடிந்தபின் சொல்லலாம் என்று பொறுத்துக்கொள்வது நம் பெண்களின் வழக்கம், இங்கே அது ஆகாது.

கடைசியாக மரபணு. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். அதே மாற்றம்தான் கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்தும் ஓலாபரிப் என்ற புற்றுநோய் மாத்திரையும் அவர்களிடம் நன்றாக வேலை செய்யக் காரணம். "எனக்கு மட்டும் எப்படி" என்ற கேள்விக்குச் சிலருக்கு உள்ள நேரான பதில் இது. பரிசோதனையை முதலில் மகளுக்கு எடுக்கக் கூடாது, நோய் வந்தவருக்குத்தான் எடுக்க வேண்டும். அவரிடம் எந்த மாற்றம் என்று தெரியாமல் மகளுக்கு "இல்லை" என்று வந்தால் அதை நம்பி உட்கார முடியாது. அம்மாவிடம் மாற்றம் இருந்தால் அவருக்கே மார்பகப் பரிசோதனை வேண்டும். மகள், மகன், கூடப்பிறந்த அக்கா தங்கை, அண்ணன் தம்பி ஒவ்வொருவருக்கும் அந்த மாற்றம் இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. பையன்களை விட்டுவிடாதீர்கள், அவர்கள் வழியாகவும் பேத்திக்குப் போகும். கல்யாணம் தட்டிப்போகும் என்று இதை மூடி மறைக்கிற வீடுகள் உண்டு. பிஆர்சிஏ1 உள்ள பெண்ணுக்கு 35 முதல் 40 வயதுக்குள், குழந்தை பெற்று முடித்தபின், சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்வார்கள். அந்தத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், மகளிடம் எப்போது பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.