எரிக்காத கரிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

முதுகுளத்தூரைச் சுற்றிய எங்கள் ஊர்களில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போடுவது பழைய பிழைப்பு. அதே மரத்தைக் கரியாக்கி, கரியை விற்காமல் வயலில் புதைக்கப் போகிறேன் என்று 2022-இல் சொன்னபோது, மூட்டம் போடும் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, அடுப்பில் எரிக்காத கரிக்கு யார் காசு கொடுப்பார்கள்?" பிறகு நான் சந்தித்த முதலீட்டாளர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டதும் இதையேதான். ஆனால் அவர்களிடமிருந்து அந்தக் கேள்வியை வரவழைக்க நான் 40 ஸ்லைடு காட்ட வேண்டியிருந்தது.

கணக்கு எளிது. மரம் காற்றிலிருந்து இழுத்த கார்பன், விறகாக எரிந்தாலும் மட்கினாலும் காற்றுக்கே திரும்பிவிடும். கரியாகி மண்ணுக்குள் போனால் நூற்றாண்டுகள் அங்கேயே கிடக்கும். கரியில் 80 சதவீதம் கார்பன் என்றால், ஒரு டன் கரி ஏறத்தாழ 2.9 டன் கார்பன் டை ஆக்சைடை அடைத்து வைக்கிறது. அந்த அடைப்புக்குத்தான் காசு. அதன் பெயர் கார்பன் கிரெடிட். தங்கள் புகையை ஈடுகட்ட நினைக்கும் நிறுவனங்கள் அதை வாங்கும்.

கம்பெனியைப் பதிவு செய்தது ஒரு வாரத்து வேலை. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கு எழுதும்போது, தொழில் விவரத்தில் அப்பாவியாகக் "கரி உற்பத்தி" என்று போட்டேன். புதுமை என்ன என்று கேட்டுத் திரும்பி வந்தது. நியாயம்தான், கரியில் என்ன புதுமை? புகையை வெளியே விடாமல் உலைக்குள்ளேயே திருப்பி எரிக்கும் அமைப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய பிறகு கிடைத்தது. இதைத் தள்ளிப் போடாதீர்கள். 2021-இல் 945 கோடி ரூபாயில் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதிக்கு, கம்பெனி தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் அந்த வாசலில் நிற்கவே முடியாது.

விதை நிதியை அரசு நேராகத் தராது, புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையமான இன்குபேட்டர் வழியாகத்தான் வரும். (இன்குபேட்டரில் இடம் கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொன்னபோது, யாருக்குக் குழந்தை பிறந்தது என்று என் அத்தை கேட்டார்.) முன்மாதிரி செய்து பார்க்க 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. எங்களுக்கு ஒப்புக்கொண்டது 12 லட்சம், மூன்று தவணையில். அந்தப் பணத்தில் கட்டட வசதி எதுவும் அமைக்கக் கூடாது என்பது விதி. எங்கள் உலை முன்மாதிரியா, வசதியா? இரண்டு மாதம் இதே பேச்சு. கடைசியில் உலை முன்மாதிரி என்றும், அதன் மேலே போடும் தகரக் கொட்டகை வசதி என்றும் தீர்ப்பானது. ஐப்பசி மழையில் நனைந்த விறகைக் கரியாக்கச் சொல்லும் விதி இல்லையே என்று வாதாடிப் பார்த்தேன். கொட்டகை என் மனைவியின் வளையல்களில் எழுந்தது.

உண்மையான அடி ஆய்வகத்தில் விழுந்தது. கரி மண்ணில் நிலைக்குமா என்பதற்கு ஒரு சோதனை உண்டு: கார்பனுக்கு ஹைட்ரஜன் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். 0.7-க்குக் கீழே இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பிய மூட்டத்துக் கரி மட்டுமல்ல, எங்கள் உலையின் முதல் கரியே தவறிவிட்டது. உலையின் வாய்ப் பக்கம் சூடு போதவில்லை. மூட்டத்துக்கு வேறொரு குறையும் இருந்தது. அந்தப் புகையில் போகும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடேற்றும். அதையும் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். பிறகு எடை. கரி வியாபாரத்தில் தண்ணீர் தெளித்து அணைத்த கரியை அப்படியே எடை போடுவது வழக்கம். தண்ணீருக்கும் காசு வந்துவிடும். கிரெடிட்டுக்கு உலர் எடைதான் கணக்கு. பெரியவருக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது.

முதலீட்டாளர் படலத்தை நீட்ட விரும்பவில்லை. இந்தியாவில் காலநிலைத் தொழில்நுட்பம் என்றதும் பணம் முதலில் ஓடுவது சக்கரம் உள்ள இடத்துக்கு. ஐஐடி மெட்ராஸில் முளைத்து, ஓசூரில் ஆலை வைத்து, 2025 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்த மின்சார ஸ்கூட்டர் நிறுவனமான ஏத்தரை எல்லோரும் உதாரணம் காட்டினார்கள். நான் கரிப் பொடியோடு போய் நின்றேன். பங்கை நியாய மதிப்புக்கு மேல் விற்றால் கம்பெனி கட்ட வேண்டியிருந்த ஏஞ்சல் வரி 2024 ஜூலை பட்ஜெட்டில் ஒழிந்தது. அதன் பிறகு சிறு முதலீட்டாளர்கள் பங்கு விலை பற்றிக் கொஞ்சம் தைரியமாகப் பேசினார்கள். காற்று திரும்பியது 2025 ஜனவரியில். சீமைக் கருவேலம் போன்ற கழிவிலிருந்து எடுக்கும் கரி வழியாக 2030-க்குள் ஒரு லட்சம் டன் கார்பன் நீக்கத்தை வாங்க, வராஹா என்ற இந்திய நிறுவனத்தோடு கூகுள் ஒப்பந்தம் போட்டது. அதுவரை என் அழைப்பை எடுக்காத இருவர் அந்த வாரமே தாமாக அழைத்தார்கள். என் உலை மாறவில்லை, ஸ்லைடும் மாறவில்லை.

இப்போதைய வேலை கரி சுடுவதைவிடக் கணக்கு எழுதுவதுதான். எந்தக் கண்மாயில் வெட்டிய மரம், எந்த உலை, எத்தனை மூட்டை, எந்த வயல் என்று ஒவ்வொன்றுக்கும் இடக்குறியோடு படம் வேண்டும். கரி மண்ணுக்குள் போனதை நிரூபிக்காவிட்டால், அதை டீக்கடைக்காரர் எரித்துவிட்டார் என்றுதான் கிரெடிட் கணக்கைச் சரிபார்க்கும் பரிசோதகர் எடுத்துக்கொள்வார். குண்டு மிளகாய் போடும் விவசாயிகள் முதலில் பட்டா எண்ணைத் தரவே மறுத்தார்கள். "இலவசமாகக் கரி கொட்டி, படமும் எடுத்துக்கொண்டு போகிறார்கள், நாளைக்கு நிலம் யாருடையது?" என்று ஒரு அக்கா கேட்டார். தொழு உரத்தில் ஊறவைத்த கரியை என் சொந்தக் காட்டில் ஒரு பருவம் போட்டுக் காட்டிய பிறகுதான் ஆறு பேர் சேர்ந்தார்கள்.

மூன்றாம் தவணை வந்துவிட்டது. பரிசோதகர் அடுத்த மாதம் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் முதல் கிரெடிட்டை விற்க முடியும். பெரியவர் இப்போது மூட்டைக்கு மூட்டை ஈரம் பார்க்கிறார், நோட்டில் எழுதுகிறார், ஆனால் அவருடைய கேள்வியை விடவில்லை. வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன.